வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

ஆறு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய சகாயசெல்வியை முதலில் ஏமாற்றியது சொந்த வீட்டுச் சுவர்தான். வீடியோ காலில் பார்த்தபோதெல்லாம் பளிச்சென்று நீல வண்ணம் அடித்த சுவருக்கு முன்னால்தான் கணவனும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். வீடு முழுக்க அந்த வண்ணம்தான் என்று அவள் நம்பியிருந்தாள். வந்து பார்த்தால் நீலம் அந்த ஒரு சுவருக்கு மட்டும்தான். மற்ற மூன்றும் பூசின சிமெண்டோடு அப்படியே நின்றன. போனைச் சாய்த்து வைக்கிற ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவரை மட்டும் மகள் அனுஷியா தானே பிரஷ் பிடித்து அடித்திருக்கிறாள். கையில் இருந்தது அரை டப்பா பெயிண்ட்தானாம்.

சகாயசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மட்டும் என்ன யோக்கியம்? குவைத் எஜமானியின் சாப்பாட்டு அறையில் தொங்கும் சரிகைத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் ஒவ்வொரு தடவையும் பேசுவாள். துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கும் இடத்தை ஒருநாளும் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. தாயும் மகளும் இத்தனை நாளாக ஒருவருக்கொருவர் நல்ல சுவரையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் விமானம் ஏறியபோது அனுஷியாவுக்குப் பத்து வயது, தம்பி பெஞ்சமினுக்கு ஐந்து. கோட்டக்குப்பத்து ஏஜென்ட் இரண்டே வருடம் என்றுதான் சொன்னார். வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது, பிறகு மாமியாருக்கு ஆபரேஷன், பிறகு மாமியார் சாவு. இப்படி இரண்டு ஆறாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு மே மாத லீவில் வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனாள். நீலச் சுவர் அதற்குப் பிறகு வந்ததுதான். மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்குப் போகும் கணவன் கஸ்பார் விடியுமுன் எழுந்து போய்விடுவான். பாத்தியில் உப்பு வாரி, வரப்பில் குவித்து, வெயில் ஏறித் திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அப்படியென்றால் காலையில் அந்த வீட்டை யார் நடத்தியது என்று கேட்டால், பதில் நீலச் சுவரை அடித்த அந்தக் கைதான்.

இப்போது அனுஷியாவுக்குப் பதினாறு. பதினோராம் வகுப்பு. அம்மாவைவிட அரை சாண் உயரம். அவள் நடத்தும் வீட்டில் எந்தப் பொருளும் இடம் மாறாது. குழாயில் தண்ணீர் எப்போது வரும், கேஸ் எத்தனை நாளைக்கு வரும், பெஞ்சமினுக்கு எந்த மீன் முள் தொண்டையில் சிக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சகாயசெல்வி அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் உப்பு டப்பாவைத் தேடவே பத்து நிமிடம் ஆகும். உப்பளத்துக்காரன் வீட்டில் உப்பைத் தேடுகிற ஒரே ஆள் அவள்தான்.

மகள் அவளை எதிர்த்துப் பேசவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால்கூட சகாயசெல்விக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அனுஷியா மரியாதையாக நடந்துகொண்டாள். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த பூப்போட்ட கப்பில் அம்மாவுக்கு டீ கொடுத்தாள். குவைத்திலிருந்து ஆசையாக வாங்கி வந்த வெள்ளை ஷூ இரண்டு சைஸ் சின்னதாகப் போய்விட்டது. பின்பக்கத்தை மடித்து மிதித்துக்கொண்டு நான்கு அடி நடந்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள். எஜமானி மகளின் கால் அளவு சகாயசெல்விக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பெற்ற மகளின் கால் அளவு தெரியவில்லை. அன்றைக்கு அவள் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். அந்தப் பாத்திரங்களை அனுஷியா காலையிலேயே தேய்த்து வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும்விட அவளைக் குத்தியது ஒரு சின்னச் சொல். பெஞ்சமின் சாயங்காலம் பையை வீசிவிட்டு, அம்மா எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே, "அக்கா, பசிக்குது" என்பான். அனுஷியா எங்கிருந்தாலும் ஓடி வருவாள். பையன் மேல் என்ன தப்பு? ஐந்து வயதிலிருந்து அந்தச் சொல்லுக்குச் சோறு போட்டவள் அவள்தானே. அனுஷியாவோ யாரிடமும் பசிக்குது என்று சொல்வதே இல்லை. அவளுக்குப் பசிக்குமா என்றே சகாயசெல்விக்குத் தெரியவில்லை. ஒருநாள் வாசலில் சைக்கிளை நிறுத்திய ஒரு பெண், உள்ளே இருப்பது யார் என்று அனுஷியாவிடம் மெல்லக் கேட்டாள். "குவைத்திலேருந்து வந்திருக்காங்க" என்று பதில் வந்தது. அம்மா என்கிற வார்த்தை அதில் இல்லை.

வந்து மூன்றாவது வாரம்தான் அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்தது.

அனுஷியாவும் அவள் சிநேகிதி பூவிழியும் பள்ளிக்கூடத்துக்காக பீச் வாலிபால் ஆடுகிறவர்கள். அதில் ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர்தான். மணலில் வெறுங்காலோடு ஆடும் ஆட்டம். அந்த மட்டில் வெள்ளை ஷூவுக்கு வேலை இல்லாமல் போனதில் சகாயசெல்விக்கு ஒரு ஆறுதல். மாவட்டத்தில் இரண்டு பேரும் முதலிடம் வந்து, ராமநாதபுரத்தில் நடக்கும் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தார்கள். மூன்று நாள் வெளியூர்ப் பயணம் என்பதால் வீட்டில் சம்மதக் கடிதம் கேட்டிருந்தார்கள். கீழே ஒரு கோடு, அதன் அடியில் தாய் அல்லது தந்தை கையொப்பம்.

அனுஷியா அதை நோட்டுக்குள் வைத்து மூடப் போனாள். சகாயசெல்வி பார்த்துவிட்டாள். குடு, நான் போடுறேன் என்று கையை நீட்டினாள். மகள் தயங்கினாள். அவசரமில்லை, பிறகு போடலாம் என்றாள். சகாயசெல்வி விடவில்லை. ஆறு வருடம் கழித்து மகளுக்கு அம்மாவாகச் செய்ய ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அதை எப்படி விடுவாள்? சோற்றுக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, நீலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். எட்டாம் வகுப்போடு நின்ற கை அது. எழுத்துகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, ரேஷன் கடை வரிசை மாதிரி கோணலாக நின்றன. அவளுக்கு அது பெரிய திருப்தி.

அனுஷியா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, தேங்க்ஸ் என்றாள். அதுவும் விருந்தாளிக்குச் சொல்கிற தேங்க்ஸ்தான்.

மறுநாள் மதியம் பூவிழி சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். தலைமையாசிரியை அம்மாவை உடனே வரச் சொன்னாராம். அனுஷியா கள்ளக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள் என்று பேச்சாம். அவள் பெயரை எடுத்துவிட்டால் ஜோடி இல்லாமல் தன் பெயரும் போய்விடும் என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்தது. சகாயசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டது சாட்சாத் அவள்தான். இதில் கள்ளம் எங்கே வந்தது? ஊருக்கு வரும்போது கட்டியிருந்த பட்டுச் சேலையையே எடுத்துக் கட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தாள்.

தலைமையாசிரியை ஜெயா கறாரான ஆள். போன வருடம் ஒரு பெண் போலிக் கடிதம் கொடுத்துவிட்டு எங்கோ போய்ப் பெரிய ரகளையாகிவிட்டதால், வெளியூர் போகிற பிள்ளைகளின் கடிதங்களைப் பழைய கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தே அனுப்புவார். உடற்கல்வி ஆசிரியை வசந்தா சுவரோரம் கவலையாக நின்றார். அனுஷியா மேஜைக்கு எதிரே தலையைக் குனிந்து நின்றாள்.

ஜெயா கோப்பைத் திருப்பி வைத்தார். ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்திலிருந்து போன மாதத்து விடுப்புக் கடிதம் வரை எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. சகாயசெல்வி என்ற பெயர் ஒரே வீச்சில் ஓடி, கடைசி எழுத்து வளைந்து கீழே வந்து பெயர் முழுவதுக்கும் அடிக்கோடாகி, அதன் கீழே இரண்டு புள்ளிகளோடு முடிந்தது. கலெக்டர் போடுகிற மாதிரி கையெழுத்து. இது உங்களுடையது, ஆறு வருடமாக எங்களுக்குப் பழக்கம் என்றார் ஜெயா. பிறகு நேற்றைய சம்மதக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கோணல் எழுத்துகள் அங்கே பரிதாபமாக நின்றன. இதை யார் போட்டது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

சகாயசெல்வி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். முதலில் வேறு யாரோ ஒரு பெரிய மனுஷியின் கையெழுத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. ஆறாம் வகுப்புப் படிவத்துக்கு வந்தபோது அவள் விரல் நின்றுவிட்டது. அதில் அடிக்கோடு நடுங்கியிருந்தது. பத்து வயதுக் கை. ஏழாம் வகுப்பில் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. எட்டில் வளைவு சரியாக விழுந்திருந்தது. வீடியோ காலில் அவள் பார்க்காமல் போன மகள் அந்தத் தாள்களில் வருடவாரியாக வளர்ந்திருந்தாள்.

அவள் நினைத்தால் சுலபமாகத் தப்பித்திருக்கலாம். எல்லாமே நான் போட்டதுதான் டீச்சர், நேற்று அவசரத்தில் கோணிவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரை வந்தது. வசந்தா டீச்சரின் முகமும் அதைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்த ஆறு வருடமும் தன் பெயரில் சேர்ந்துவிடும். மகள் உழைத்ததைத் தான் வாங்கிப் போட்டுக்கொள்வதா? சகாயசெல்விக்கு அது பொறுக்கவில்லை.

"டீச்சர், கோணலா இருக்குதே, அதான் என் கையெழுத்து. அழகா இருக்கறது எல்லாம் இவளோடது" என்றாள். "நான் ஊர்லயே இல்ல. குவைத்துல வீட்டு வேலை பாத்தேன். என் வீட்டுல அம்மாவா இருந்தது இவதான். பத்து வயசுலேருந்து. அம்மா போட வேண்டிய கையெழுத்த அம்மாவா இருந்தவ போட்டிருக்கா. அது தப்புன்னா, நான் இல்லாததால வந்த தப்பு. தண்டனைய எனக்குக் குடுங்க. அவள ஆட அனுப்புங்க."

ஜெயா அனுஷியாவைப் பார்த்து, அப்பா போட்டிருக்கலாமே என்று கேட்டார்.

"அப்பாவுக்கு சீசன்ல கை வெடிச்சிருக்கும் மிஸ். பேனா புடிச்சா ரத்தம் வரும்" என்றாள் அனுஷியா. பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மா கையெழுத்து இருந்தா யாரும் அம்மா எங்கன்னு கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் அம்மா வீட்டுல இருக்கற மாதிரி எனக்கும் இருக்காங்கன்னு நெனப்பாங்க."

சகாயசெல்விக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. எந்தத் தாய்க்கு இப்படி நடந்திருக்கிறது? அவள் குவைத்தில் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் கலெக்டர் மாதிரி வந்து வந்து போயிருக்கிறது. அவள் வராத கூட்டத்துக்கெல்லாம் அவள் பெயர் வந்திருக்கிறது. மகள் அவளை ஒருநாளும் ஆப்சென்ட் ஆக்கவில்லை.

ஜெயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும்தான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கறாரான ஆள் கறாரான ஆள்தான். சம்மதக் கடிதத்தில் கோணல் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டு வசந்தாவிடம் கொடுத்துவிட்டு, தண்டனை என்று ஒன்று கட்டாயம் உண்டு என்றார். இனிமேல் இந்தப் பெண்ணின் எந்தத் தாளும் வீட்டுக்கு வராது. முழுப்பரீட்சை வரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவே நேரில் வந்து, தன் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பெண்ணை வெளியே நிறுத்துவேன் என்றார்.

சகாயசெல்வி சிரித்த சிரிப்பைப் பார்த்து, தண்டனை என்று சரியாகக் காதில் விழுந்ததா என்று ஜெயாவுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். ரோட்டின் ஒரு பக்கம் உப்பு அம்பாரங்கள் கீற்று போட்டு மூடிக் கிடந்தன. அனுஷியா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோபமா என்று கேட்டாள். சகாயசெல்வி, அந்த அடிக்கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி எதுக்கு என்று விசாரித்தாள்.

"சும்மா. கெத்துக்கு" என்றாள் மகள். சற்று நேரம் கழித்து, அம்மாவின் உண்மையான கையெழுத்தைப் பழைய பாஸ்புக்கில் பார்த்ததாகவும், அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி இருந்ததால் தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள். ஊர்ப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் நேரில் வருகிறார்கள். தன் அம்மா கையெழுத்தாகத்தான் வர முடியும் என்றால், அந்தக் கையெழுத்தாவது எல்லோரையும்விட அழகாக இருக்கட்டும் என்று ஒரு நோட்டு முழுக்கப் போட்டுப் பழகினாளாம்.

சாயங்காலம் கஸ்பாரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் ஆச்சரியப்படவே இல்லை. வெடித்த உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்மா. சேக்கப் போன அன்னிக்கு கேட்டுக்கு வெளிய என்னைக் குனிய வச்சு, என் முதுகுல ஃபாரத்த வச்சுதான் மொதக் கையெழுத்த போட்டா. குறுகுறுன்னு இருந்துச்சு. சிரிக்காதப்பா, கோணிடும்னு அதட்டினா" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆறு வருடமாக அந்தக் குறுகுறுப்பை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ராமநாதபுரத்தில் பிள்ளைகள் கால் இறுதி வரைக்கும் போய்த் தோற்றார்கள். சகாயசெல்வி தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் மாநிலத்தில் எட்டுக்குள் வந்துவிட்டாள் என்று சொன்னாள். கணக்குப்படி அதுவும் சரிதான்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் மூன்று மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அனுஷியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பட்டுச் சேலை வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். சகாயசெல்வி கேட்கவில்லை. இரண்டாவது வாரம் மகளின் கணிதத் தாளைப் பார்த்து, போன தடவை வாங்கின எழுபத்தெட்டு மார்க் ஏறாமல் எப்படி எழுபத்தெட்டாகவே நின்றது என்று விசாரித்தாள். மூன்றாவது வாரம் பள்ளிக் காவலாளி அவளுக்கு நாற்காலி போட்டார். அவள் எழுத்து கொஞ்சம் நெருங்கி வந்திருந்தது. இடைவெளி குறைந்திருந்தது. மகள் போட்டதைப் போல வளைத்துப் பார்க்க அவளுக்கும் ஆசைதான், ஆனால் போடவில்லை. அது அனுஷியாவுடையது.

நான்காவது வாரம் ஜெயா பேனாவை மூடிவிட்டு, எனக்கு மனசு நிறைந்துவிட்டது, தண்டனை போதும், அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்றார்.

சகாயசெல்வி எழுந்திருக்கவில்லை. "இல்ல டீச்சர். முழுப்பரீட்சை வரைக்கும்னு சொன்னீங்க. நானும் தலையாட்டிட்டேன். ஆறு வருஷமா இந்த கேட்டுக்குள்ள நான் வரவே இல்ல. பாதில கொறைக்காதீங்க" என்றாள். ஜெயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். குறைக்க முடியவில்லை. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்து, வந்து தொலையுங்கள் என்று விட்டுவிட்டார்.

இந்தப் பேரத்தில் நேரமாகிவிட்டது. அவள் வெளியே வரும்போது பள்ளிக்கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. மற்ற வெள்ளிக்கிழமைகளில் முன்னால் போய்விடும் அனுஷியா இன்றைக்கு கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றாள். பக்கத்தில் இரண்டு சின்னப் பெண்கள், ஆறாம் வகுப்பாக இருக்கும், பட்டுச் சேலையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு யார் அது என்று கேட்டார்கள்.

"எங்கம்மா" என்றாள் அனுஷியா. "எனக்குக் கையெழுத்துப் போட வந்திருக்காங்க."

பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அம்மாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். மரியாதையும் விருந்தாளி உபசாரமும் எங்கேயோ போய்விட்டிருந்தன.

"எவ்ளோ நேரம்மா நிக்கறது? எனக்குப் பசிக்குது."

சகாயசெல்வி பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்து, மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேகமாக மிதிக்கச் சொன்னாள். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.